சிறுநீரகமும் நுண்துகள் மருந்தும்

2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் பெய்த மழையை மும்பை மாநகரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை புரண்டு ஓடியது. சாக்கடை நீரும் மழை நீரும் கடல் நீரும் ஒன்றாகக் கலந்து தாராவியின் குறுகிய சந்துகளில் புகுந்தன. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்னாளில் அங்கே சென்று குடியேறிய நம்மவர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் வாழும் பகுதி அது. ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு இடுப்பளவு நீரில் நடந்தனர்.

வெள்ளம் வடிந்தது. வீடுகளைக் கழுவி, நனைந்த பாய்களை உலர்த்தி, கடைகளைத் திறந்து மக்கள் தத்தம் அலுவலைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் அடுத்துவந்த நாட்களில் மற்றொரு துன்பம் தலைகாட்டியது. வெள்ளத்தில் நடந்தவர்களுள் பலருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்தன, கெண்டைக்கால் சதை தொட முடியாதபடி வலித்தது, சிலருக்கு மஞ்சட்காமாலை தோன்றியது. இவர்களுள் சிலருடைய சிறுநீரகங்கள் ஒரு வாரத்திற்குள் தம் வேலையை நிறுத்திவிட்டன. நேற்றுவரை மூட்டை சுமந்த இளைஞர் இன்று மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறிக் கிடந்தார்.

இந்நோயைத் தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம். லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி இதற்குக் காரணம். இதன் கடுமையான வடிவத்தை 1886-இல் அடால்ப் வைல் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது; ஆனால் எலிக்கு நோய் செய்வதில்லை. எலியின் சிறுநீரோடு வெளிவந்து, தேங்கிய நீரில் கலந்து, மனிதனுடைய காலிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே நுழைகிறது. எலிக்குத் தீங்கு செய்யாத அக்கிருமி நம் சிறுநீரகத்தை அடைந்ததும் அதன் நுண்குழாய்களைப் புண்ணாக்கிவிடுகிறது.

எலிக்காய்ச்சல் ஒன்றுதான் என்பதில்லை. மலேரியா, பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு, பேறுகாலத்து ரத்தப்போக்கு, இடிபாடுகளில் சிக்கித் தசை நசுங்குதல், சில மருந்துகள் ஆகிய பலவும் சிறுநீரகத்தைத் திடீரெனப் பழுதாக்கக்கூடும். மருத்துவர்கள் இதைத் திடீர்ச் சிறுநீரகப் பழுது என்று தனியே பிரித்துக் கூறுகிறார்கள். நீரிழிவினாலும் ரத்தக் கொதிப்பினாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் பழுது வேறு, இது வேறு. மெல்ல வருவது பெரும்பாலும் மீளாதது. திடீரென வருவதோ, உரிய காலத்தில் கவனித்தால் பெரும்பாலும் மீளக்கூடியது. ஆகையால் இதனால் நேரும் ஒவ்வொரு மரணமும் தடுத்திருக்கக்கூடிய மரணமாக நம் நெஞ்சை உறுத்துகிறது. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 33 லட்சம் பேர் இதற்கு ஆளாகின்றனர் என்றும், ஏறத்தாழ 17 லட்சம் பேர் இறக்கின்றனர் என்றும் உலகச் சிறுநீரகவியல் கழகம் 2013-ஆம் ஆண்டு வாக்கில் மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் நம்முடையதைப் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இந்தப் பழுதைத் தடுக்கவும் ஆற்றவும் கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துகள்களை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் விஞ்ஞானிகளிடையே வலுப்பெற்று வருகிறது. அக்கருத்து யாது, அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அதை நம்பி நாம் எந்த அளவுக்கு மகிழலாம் என்பதை ஆராய்வோம்.

முதலில் சிறுநீரகத்தின் வேலையைச் சற்றுப் பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடை இருக்கும். ஆனால் இதயம் நிமிடந்தோறும் வெளிப்படுத்தும் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இவற்றிற்கே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் இவற்றில் வடிகட்டப்படுகிறது. அவ்வளவும் வெளியேறிவிட்டால் மனிதன் அரை நாள்கூடப் பிழைக்கமாட்டான். வடிகட்டிகளை ஒட்டிய நுண்குழாய்கள் அந்நீரில் ஏறத்தாழ 99 பங்கை உப்போடும் சர்க்கரையோடும் மீட்டு ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டரளவே சிறுநீராகக் கழிகிறது.

இப்படி மீட்கும் வேலை சாதாரண வேலையன்று. அதற்கு மிகுந்த சக்தி வேண்டும். சக்திக்குப் பிராணவாயு வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகள் ஆக்சிஜன் என்று படிப்பது இதனையே. நுண்குழாய்களின் உயிரணுக்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதிக்குச் செல்லும் பிராணவாயுவோ, இயல்பான காலத்திலேயே, தேவைக்கு மட்டுமட்டாகத்தான் இருக்கிறது. உழைப்பு மிகுதி, வரவு குறைவு. கையிருப்பு இல்லாத குடும்பம் ஒரு நாள் கூலி தவறினாலும் தள்ளாடுவதுபோல, ரத்த ஓட்டம் சிறிது குறைந்தாலும் அந்த உயிரணுக்கள் தள்ளாடுகின்றன. திடீர்ப் பழுது பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

இனி வியப்பான ஒரு செய்தி. பிராணவாயு குறைவதால் நேரும் கேடு ஒரு பாதி. அது திரும்பி வரும்போது நேரும் கேடு மறு பாதி. தாராவியின் கும்பார்வாடாவில் மண்பாண்டம் சுடும் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளைக்குள் அடங்கியிருக்கும் நெருப்பு பானையைச் சுடுகிறது. அதிலிருந்து தெறிக்கும் பொறி கூரையில் விழுந்தால் வீடு எரிகிறது. உயிரணுவுக்குள்ளும் பிராணவாயு எரியும்போது ஒன்றிரண்டு பொறிகள் தெறிப்பதுண்டு. சூப்பராக்சைடு, ஹைடிரஜன் பெராக்சைடு முதலியவை அத்தகையவை. இவை அண்டையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்கிச் சிதைக்க வல்லவை.

இயற்கை இதற்குக் காவல் வைக்காமல் இல்லை. சூப்பராக்சைடை அடக்கும் நொதி ஒன்று நம் உடலில் இருப்பதை ஜோ மெக்கார்டு, இர்வின் பிரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1969-இல் கண்டறிந்தனர். அதன் பெயர் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். கேட்டலேஸ் போன்ற வேறு நொதிகளும் துணைக்கு உண்டு. சாதாரண நாட்களில் இக்காவலர்கள் போதும். ஆனால் ரத்தம் நின்று, பிறகு திடீரெனப் பாயும்போது, ஒரே கணத்தில் ஆயிரமாயிரம் பொறிகள் தெறிக்கின்றன. காவல் போதாமற் போகிறது. நின்ற ரத்தம் மீளும்போது உண்டாகும் இக்கேட்டிற்கு இப்பொறிகளே முக்கியக் காரணம் என்பதை மெக்கார்டு 1985-இல் விளக்கி எழுதினார். எலிக்காய்ச்சலிலும், தசை நசுங்கிய நோயிலும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் மருந்தினால் வரும் பழுதிலும் தொடக்கம் வெவ்வேறாயினும் இடைவழியில் இந்தத் தீ பற்றிக்கொள்வதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

அப்படியானால் இத்தீயை அணைக்கும் பொருளை மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி அத்தகைய பொருள்தானே? இக்கேள்வி நியாயமானது. விஞ்ஞானிகளும் இதைக் கேட்டனர், செய்தும் பார்த்தனர். அசெட்டில்சிஸ்டீன் என்பது பொறிகளைத் தணிக்கும் மருந்துகளுள் பெயர் பெற்ற ஒன்று. இதயக் குழாய்களைப் படம் பிடிப்பதற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்திற்கு ஊறு செய்யக்கூடும் என்பதால், அதற்கு முன்னும் பின்னும் இம்மருந்தைக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்த ஏறத்தாழ 5,000 பேரிடம் முறைப்படி சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். மருந்து உண்டவர்களுக்கும் வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

ஏன் பயன்படவில்லை? இதற்குப் பல காரணங்கள் கூறலாம். பொதுவாக இத்தகைய சிறு மூலக்கூறு ஒரு பொறியை அணைத்ததும் தானும் செலவாகிவிடுகிறது. உடலெங்கும் பரவிவிடுவதால், தீப்பற்றிய இடத்திற்குச் சிறிதளவே சென்று சேர்கிறது. அதுவும் விரைவில் கழிந்துவிடுகிறது. எரியும் வீட்டை விட்டுவிட்டு ஊர் முழுவதும் பன்னீர் தெளிப்பதைப் போன்றது இது. ஆகவே வேண்டுவது என்னவென்றால், சிறுநீரகத்தை நாடிச் செல்லவேண்டும்; சென்ற இடத்தில் ஒரு முறையன்று, பலமுறை பொறிகளை அணைக்கவேண்டும்; வேலை முடிந்ததும் உடலில் தங்காமல் வெளியேறவேண்டும். இம்மூன்றும் சேர்ந்த பொருளைத் தேடியபோதுதான் நுண்துகள்களின்பால் ஆராய்ச்சியாளரின் கவனம் சென்றது.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. சில நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே இங்கு நுண்துகள் என்கிறோம். இந்த அளவில் பொருள்களின் குணம் மாறிவிடுகிறது. ஒரு துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் அணுக்களில் பெரும் பங்கு உள்ளே மறைந்திராமல் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்பில் உள்ள அணுக்களே வினை புரிபவை. ஆகையால் கட்டியாக இருக்கும்போது சோம்பிக் கிடந்த பொருள், துகளாகும்போது நொதியைப் போலத் தொழில் புரியத் தொடங்குகிறது.

அளவிற்கும் சிறுநீரகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வடிகட்டியின் துளை எவ்வளவு நுண்ணிய பொருளைப் போகவிடும் என்பதை ஒளிரும் துகள்களைக் கொண்டு 2007-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தனர். ஏறத்தாழ 5½ நானோமீட்டருக்குக் குறைந்தவை சிறுநீரோடு விரைவாக வெளியேறின. அதைவிடப் பெரியவை ரத்தத்தில் சுற்றி, முடிவில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கலாயின. எனவே துகளின் அளவை வகுப்பவன் அதன் பாதையையும் ஓரளவு வகுத்துவிடுகிறான். சல்லடையின் கண்ணை அறிந்து மாவை அரைப்பது போன்றது இது.

இத்துகள்களுள் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு பொருளும் உண்டு. அதன் பெயர் சீரியம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். தோரியமும் சீரியமும் அம்மணலில் உள்ளவை. திருமண ஊர்வலங்களில் நம் பாட்டனார் காலத்தில் ஒளி வீசிய காஸ் விளக்கின் வலைத்திரிக்கு இவ்விரண்டும் தேவைப்பட்டன. அந்நாளைய வலைத்திரியில் 99 பங்கு தோரியமும் ஒரு பங்கு சீரியமும் இருந்தன. அந்த ஒரு பங்கு இல்லையேல் வெண்மையான ஒளி இல்லை.

சீரியத்தின் சிறப்பு அதன் இரட்டை இயல்பில் இருக்கிறது. அதன் அணு மூன்று மின்னணுக்களை இழந்த நிலையிலும் நிற்கும். நான்கை இழந்த நிலையிலும் நிற்கும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறும். ஒரு பொறி வந்தால் ஒரு மின்னணுவை அதற்குக் கொடுத்து அடக்குகிறது. அடுத்த பொறி வந்தால் அதனிடமிருந்து ஒரு மின்னணுவைப் பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கொடுப்பதும் கொள்வதுமாகச் சுழன்றுகொண்டே இருப்பதால், தான் செலவாகாமல் பலமுறை தொழில் புரிகிறது. நம் உடலின் காவல் நொதி செய்யும் வேலையை இது ஒருவாறு செய்கிறது. இவ்வாறு நொதியைப் போல நடக்கும் நுண்துகள்களை நானோசைம் என்று அழைக்கிறார்கள்.

இத்துறையில் நம் நாட்டவர் பின்தங்கி நிற்கவில்லை. தமிழகத்தில் பயின்று, மும்பை பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் கோவிந்தசாமி முகேஷ், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்தகைய துகள்களை ஆராய்ந்து வருபவர். வனேடியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடை நுண்ணிய இழைகளாக்கினால், அது உயிரணுவுக்குள் ஹைடிரஜன் பெராக்சைடை அடக்கும் நொதியைப் போலத் தொழில் புரிகிறது என்று இவர் குழுவினர் 2014-இல் காட்டினர். இவருக்கு 2019-இல் இன்போசிஸ் பரிசு கிடைத்தது. மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கதிர்வீச்சும் உடலில் இதே பொறிகளை எழுப்புவதால், அவற்றைத் தணிக்கும் செலினியச் சேர்மங்களை அங்குள்ள விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கின்றனர். 1933-இல் தொடங்கி இன்று மாதுங்காவில் இயங்கும் இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் மருந்தை நுண்துகளில் ஏற்றி உடலுக்குள் அனுப்பும் முறைகள் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன.

சிறுநீரகப் பழுதையே குறியாகக் கொண்டு நடந்த சோதனைகளையும் காண்போம். 2018-இல் மாலிப்டினம் என்ற உலோகத்தின் மிக நுண்ணிய அணுத்திரள்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். அவை சிறுநீரகத்தில் மிகுதியாகச் சேர்ந்து பழுதைக் குறைத்தன. அதே ஆண்டில் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இழைகளைக் காகிதம் மடிப்பதுபோல மடித்துச் செய்த நுண்வடிவங்களும் சுண்டெலிகளில் அவ்வாறே பயன் தந்தன. 2021-இல் சீரியத் துகள்களைக் கொண்டு மற்றொரு சோதனை நடந்தது. சிஸ்பிளாட்டின் கொடுத்த சுண்டெலிகளின் சிறுநீரகத்தைத் துகள் காத்தது. ஆனால் புற்றுக் கட்டியைக் காக்கவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள புளிப்புத் தன்மையில் துகளின் வினை மாறிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். நண்பனைக் காத்துப் பகைவனைக் காவாத மருந்து என்று இதைச் சொல்லலாம்.

கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆயினும் இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். இத்துகள்களைப் பற்றிய கட்டுரைகளில் உடலுக்கு இசைவானது என்ற சொல் அடிக்கடி வருகிறது. உடலுக்கு இசைவானது என்று யார், எப்படி, எவ்வளவு காலம் பார்த்துச் சொல்லவேண்டும்? இக்கேள்வியின் அருமையை உணர மும்பை நகரின் மற்றொரு நினைவை எடுத்துக்கொள்வோம்.

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பைகுல்லாவிலுள்ள சர் ஜே. ஜே. மருத்துவமனையில் கிளிசரால் என்னும் மருந்தை உட்கொண்ட நோயாளிகள் 14 பேர், சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். கிளிசரால் நச்சுப் பொருளன்று. தலையினுள்ளும் கண்ணினுள்ளும் ஏறிய அழுத்தத்தைக் குறைக்க மருத்துவர்கள் கொடுத்துவந்த இனிப்பான திரவம். ஆனால் அன்று கொடுக்கப்பட்ட திரவத்தில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. அதுவும் இனிப்பானது, நிறமற்றது; ஆலைகளில் பயன்படும் மலிவான கரைப்பான். உடலுக்குள் சென்றதும் மாறுதலடைந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழித்துவிடும் இயல்புடையது. நீதிபதி பக்தாவர் லெண்டின் தலைமையில் அமைந்த ஆணையம் இதனை விசாரித்து, மருந்தை வாங்குவதிலும் சோதிப்பதிலும் நேர்ந்த குறைகளை விரிவாக எடுத்துரைத்தது.

இக்கேடு அன்றோடு முடியவுமில்லை, அன்று தொடங்கவுமில்லை. 1937-இல் அமெரிக்காவில் இதே பொருளில் கரைத்த மருந்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பயனாக அடுத்த ஆண்டில் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும், 2025-இல் நம் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவிலும் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று இறந்த செய்தி நம் நெஞ்சைச் சுட்டது. தாய் தன் கையால் ஊற்றிக் கொடுத்த மருந்து அது.

நுண்துகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதை ஏன் சொல்லவேண்டும்? ஒரு காரணம் உண்டு. நுண்துகள்கள் ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் இருக்க அவற்றின் மேல் பாலியெத்திலின் கிளைக்கால் என்ற பொருளைப் போர்த்துவது வழக்கம். இது பல மருந்துகளில் சேர்வது, உடல் பொறுத்துக்கொள்வது. முன்சொன்ன நஞ்சும் இதுவும் பெயரால் உறவினர், குணத்தால் வேறானவர். தூய்மை தவறினால் நஞ்சு உள்ளே வந்துவிடும். ஆகையால்தான் இவ்வகைப் பொருள்களில் அந்த நஞ்சு எவ்வளவுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று மருந்து நூல்கள் வரையறுத்திருக்கின்றன. உடலுக்கு இசைவு என்பது பொருளின் பெயரோடு பிறந்த குணமன்று. ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும், ஒவ்வொரு புட்டியிலும், சோதித்து உறுதி செய்யவேண்டிய ஒன்று.

துகளுக்கே உரிய ஐயங்களும் உள்ளன. வெளியேறாமல் கல்லீரலில் தங்கும் உலோகம் பத்தாண்டுக்குப் பின் என்ன செய்யும்? பழுதடைந்த சிறுநீரகத்தில் வடிகட்டுதலே குறைந்திருக்கும்போது, சிறுநீரோடு வெளியேறவேண்டிய துகள் எவ்வழியே வெளியேறும்? பொறிகளை முற்றிலும் அணைத்துவிடுவது நல்லதுதானா? நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இதே பொறிகளைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. எலிக்காய்ச்சல் போன்ற நோயில் கிருமி உடலில் இருக்கும்போதே அவ்வாயுதத்தைப் பறித்துவிடலாகாது. நுண்துகள் மருந்துகளை எவ்வாறு மதிப்பிடவேண்டும் என்பதற்கு இந்திய அரசு 2019-இல் தனியாக நெறிமுறைகளை வெளியிட்டது. துகளின் அளவு, தூய்மை, உடலில் அது செல்லும் வழி, தங்கும் காலம், நச்சுத்தன்மை ஆகிய அனைத்தையும் ஆராயவேண்டும் என்பது அவற்றின் கருத்து.

மற்றொரு தடையும் உண்டு. அது காலத்தின் தடை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கு எந்த நிமிடத்தில் பழுது தொடங்கியது என்பது ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். துகளை அதற்கு முன்னரோ, உடன் பின்னரோ செலுத்துகிறார். தாராவியிலிருந்து காய்ச்சலோடு வரும் தொழிலாளியோ நான்கு நாள் பொறுத்துப் பார்த்து, கூலி போய்விடுமே என்று அஞ்சி, ஐந்தாம் நாள்தான் மருத்துவமனைக்கு வருகிறார். பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் தாமதமாகவே உயர்கிறது. 48 மணி நேரத்தில் அது டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே பழுது தொடங்கிவிட்டது எனக் கொள்ளவேண்டும் என்பது 2012-இல் வகுத்த உலக நெறி. அதைக் கண்டறியவும் இரண்டு முறை ரத்தம் பார்த்தாக வேண்டும். தீ அணைக்கும் பொருள் எவ்வளவு சிறந்ததாயினும், வீடு எரிந்தபின் வந்தால் என்ன பயன்?

ஆகவே உண்மை நிலையைத் தெளிவாகக் கூறிவிடுவது நம் கடமை. நுண்துகள் மருந்து சுண்டெலிகளிடம் நல்ல பயன் காட்டியிருக்கிறது. மனிதரின் திடீர்ச் சிறுநீரகப் பழுதுக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. நானோ மருந்து என்று பெயர் சூட்டி யாரேனும் குளிகையோ பொடியோ விற்றால் அதை நம்பி வாங்குதல் கூடாது.

அதுவரை நம் கையில் ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடப்பதைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். புண்ணுள்ள காலோடு நடக்க நேர்ந்தவர் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரிடமோ மாநகராட்சி மருந்தகத்திலோ சென்று, எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை தமக்கு வேண்டுமா என்று கேட்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேறு மருந்து தரவேண்டியிருக்கலாமாதலால், தாமாக வாங்கி உண்ணலாகாது. காய்ச்சலோடு தசைவலியும் கண்சிவப்பும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சிறுநீர் நன்றாகத்தானே போகிறது என்று இருந்துவிடக் கூடாது. எலிக்காய்ச்சலில் சிறுநீரின் அளவு குறையாமலேயே சிறுநீரகம் பழுதாவதுண்டு. உடல்வலி தாளாமல் கடையில் டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் முதலிய வலிமாத்திரைகளை வாங்கி விழுங்குவது, தள்ளாடும் சிறுநீரகத்தைக் குழியில் தள்ளுவதாகும். வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் இழந்த நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடு செய்யவேண்டும்.

சிறுநீரகம் நின்றே விட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1943-இல் போர்க்காலத்து ஹாலந்தில் வில்லெம் கோல்ப் என்ற மருத்துவர், கிடைத்த பொருள்களைக் கொண்டு ரத்தத்தைச் சுத்தி செய்யும் எந்திரத்தை அமைத்தார். 1945-இல் அதனால் முதல் நோயாளி பிழைத்தெழுந்தார். இன்று அவ்வெந்திரத்தின் வழிவந்தவை நம் நகர மருத்துவமனைகளிலெல்லாம் இயங்குகின்றன. அவை சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதில்லை. அது தானே குணமடையும்வரை உயிரைத் தாங்கிக்கொள்கின்றன. எலிக்காய்ச்சலில் பழுதான சிறுநீரகம், நோயாளியைக் காத்து நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களில் மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிடும். அந்தச் சில வாரங்களைக் கடப்பதுதான் அரிது.

நுண்துகள் ஆராய்ச்சியின் நோக்கமும் அந்தச் சில வாரங்களைச் சில நாட்களாக்குவதே. மணவாளக்குறிச்சி மணலிலுள்ள ஓர் உலோகம், ஒரு காலத்தில் திருமண விளக்கிற்கு ஒளி தந்தது. இன்னொரு காலத்தில் நோயாளிக்கு உயிர் தருமானால் அது மகிழத்தக்கதே. அந்நாள் விரைந்து வரவேண்டும் என்று விரும்புவோம். ஆனால் அது உரிய சோதனைகளையெல்லாம் தாண்டி வரட்டும். 1986-இல் மாண்ட அந்தப் பதினான்கு பேருக்கு நாம் பட்ட கடன் அது. அதற்குமுன் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். காலில் உள்ள சிறு கீறலையும், இரண்டு நாள் காய்ச்சலையும் அலட்சியம் செய்யாதிருப்போமாயின், நுண்துகளுக்காகக் காத்திராமலே பல சிறுநீரகங்களைக் காத்துவிடலாம்.